எட்டு மணி ஐந்து நிமிடம் பதினேழு நொடி

எங்கள் கம்பெனியில் யாரும் தப்புச் செய்வதில்லை. தப்பு நடக்கும், அவ்வளவுதான். நடந்த பிறகு எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காபி குடித்து, ஏலக்காய் ரொட்டி தின்று, என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை எழுதுவோம். அதில் யார் பெயரும் வராது. 'இல்போ கெடுத்தான்' என்று எழுதமாட்டோம். 'ஒரு மாற்றம் செய்யப்பட்டது' என்று எழுதுவோம். செய்தது யார் என்று கேட்பது, எங்களுக்குள் பனிச்செருப்போடு அடுத்தவர் வீட்டு வரவேற்பறைக்குள் நடப்பதற்குச் சமம். பெயர் போட்டால் பயம் வரும், பயம் வந்தால் ஆட்கள் மறைப்பார்கள், மறைத்தால் அதே தப்பு திரும்ப நடக்கும். பதினோரு வருடத்துக்கு முன் இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் பெயர் இல்போ கர்வினென். ஏரிக்கரையில் பழைய மர மில்லின் இரண்டாம் மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறோம். தனியாக வாழும் வயதானவர்களின் வீடுகளில் மருந்து அலமாரி இருக்கும். அதன் பூட்டு எங்களுடைய வேலை. வீட்டுக்கு வரும் நர்ஸ் தன் போனைப் பூட்டின் மேல் வைத்தால் திறக்கும். திறந்த கையோடு ஒரு வரி எழுதப்படும்: எந்தப் பூட்டு, யார் திறந்தது, எத்தனை மணிக்கு. இந்த வரியைத்தான் லாக் என்கிறோம். எழுதுவது ஒரு தடவை, போவது ஒரே நேரத்தில் மூன்று இடங்களுக்கு. எங்கள் சர்வரில் இருக்கும் ஃபைலுக்கு ஒன்று, நர்ஸுகளை அனுப்பும் பராமரிப்பு அலுவலகத்தின் சர்வருக்கு ஒன்று, நர்ஸுகளின் மேலாளர் பார்க்கும் திரைக்கு ஒன்று. ஏன் மூன்று என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான். மூன்றும் ஒன்றையே சொல்லும் என்பது எங்கள் நம்பிக்கை. அதை யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்துக்கு வரிகளை அனுப்பும் பழைய பாதையை வசந்தத்தோடு மூடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். புதிய பாதை ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க நிஜமான வரிகள் வேண்டும். நாமே பொய்யாகத் தயாரித்த வரிகளை வைத்துப் பார்த்தால் எல்லாம் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். அதனால் காலை ஏழு நாற்பதுக்கு, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிலேயே கைவைத்து, மூன்று இடங்களோடு நான்காவதாக ஓர் இடத்தைச் சேர்த்தேன். அது என் மேசைக் கணினியோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம். வரிகள் வந்தன, அழகாக வந்தன. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஐம்பதுக்கு சிர்க்கு வந்து கதவில் தட்டினாள். கம்பெனியை நடத்துகிறவள் அவள்தான். வியாழன் என்றால் கீழே உணவகத்தில் பட்டாணி சூப்பும், பின்னால் ஜாம் வைத்த தடித்த பான்கேக்கும். பதினொன்றுக்குப் போய் வரிசையில் நிற்காவிட்டால் பான்கேக்கின் ஓரத்துண்டு மட்டும்தான் மிஞ்சும். நான்காவது இடத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே. மாற்றங்களைக் குறிக்கும் பட்டியலிலும் எழுதவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், 'சும்மா பார்த்தேன்' என்பதை யாரும் எங்கும் எழுதுவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மெயில் வந்தது. எழுதியவள் ஔலி, எங்கள் வட்டாரத்து நர்ஸுகளின் மேலாளர். கேள்வி ஒன்றே ஒன்று. பூட்டு திறக்கப்படாமலே லாகில் ஒரு வரி வருவதற்கு வாய்ப்பு உண்டா? ஏன் கேட்கிறாள் என்று எழுதவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை. 'இல்லை. பூட்டு திறந்தால் மட்டுமே வரி எழுதப்படும்' என்று பதில் எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதை நாங்கள் ஒரு நல்ல குணமாகவே வளர்த்து வைத்திருக்கிறோம்.

அதற்கு அடுத்த வாரம், நர்ஸுகள் அழைக்கும் உதவி போன் என் முறை. வாரத்துக்கு ஒருவர் எடுக்கவேண்டும். எனக்கு அந்த வாரம் வந்தாலே எரிச்சல். போனில் சார்ஜ் இல்லாமல் பூட்டு திறக்கவில்லை என்று நம்மைத் திட்டுவார்கள், கையுறையைக் கழற்றாமல் திரையைத் தடவிவிட்டுப் புரோகிராம் சரியில்லை என்பார்கள். புதன்கிழமை காலை ஒரு பெண் அழைத்தாள். மெர்வி என்று பெயர் சொன்னாள். பத்தொன்பது வருடமாக வீட்டு நர்ஸ், இப்போது வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. யாரிடமோ விலாசம் விசாரிக்கிற குரல்.

விஷயம் இதுதான். தௌனோ என்று ஒரு பெரியவர், எண்பத்தாறு வயது, மறதி நோய். அவர் அலமாரியில் பலமான வலி மாத்திரைகள் இருக்கும், அவற்றை எண்ணி எழுதவேண்டும். புதன் மாலை எண்ணியபோது கணக்கு சரி. வெள்ளி காலை எண்ணியபோது ஆறு குறைவு. இடையில் அலமாரி மூன்று முறை திறந்திருக்கிறது. வியாழன் காலை எட்டு ஐந்துக்கு மெர்வி, அது அவளுடைய வழக்கமான நேரம். மாலை ஏழரைக்கு வேறொரு நர்ஸ், அதுவும் வழக்கமானது. நடுவில் பத்து ஐந்துக்கு மறுபடியும் மெர்வி. அதற்கு அவளிடம் விளக்கம் இல்லை, ஏனென்றால் அவள் அங்கே போகவில்லை. அந்த நேரத்தில் அடுத்த கட்டடத்தில் ஒரு மூதாட்டிக்குக் கால் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தாள். பனியால் தாமதமாகி அங்கே பத்தேகாலுக்குத்தான் வருகையைப் பதிந்திருக்கிறாள். அந்த மூதாட்டிக்கு அது என்ன கிழமை என்றே நினைவில்லை. வருகிற திங்கட்கிழமை விசாரணை. அன்றைக்குள் பத்து ஐந்துக்குக் காரணம் சொல்லாவிட்டால் வேலை போகும், விஷயம் போலீசுக்குப் போகும், நர்ஸாக வேலை செய்யும் பதிவையே எடுத்துவிடுவார்கள்.

நான் எழுதி வைத்த வாசகத்தை ஒப்பித்தேன்.

"லாகைப் பத்தி வெளியாட்கள்கிட்ட நாங்க பேச முடியாதுங்க. உங்க ஆபீஸ் வழியாத்தான் கேக்கணும்."

"கேட்டேன். பூட்டு தொறக்காம வரி வராதுன்னு யாரோ இல்போ கர்வினென்னு ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காராம்."

அந்த ஒருத்தர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரி, வேற ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "எனக்குக் காட்டின காகிதத்துல மணியும் நிமிஷமும்தான் இருக்கு. எட்டு அஞ்சு, பத்து அஞ்சு. செகண்டு உங்ககிட்ட இருக்குமா?"

"இருக்கும். ஆனா குடுக்க முடியாது."

"நான் நாடி பிடிச்சுப் பாக்கறவ. செகண்டு இல்லாம எனக்கு நேரமே கெடையாது. நீங்க குடுக்க வேணாம். நீங்க மட்டும் பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லக்கூட வேணாம்."

போனை வைத்துவிட்டாள். நான் காபியைக் குடித்து முடித்தேன். அவள் சொன்னதற்காகப் பார்ப்பதா என்று ஒரு வீம்பு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பார்த்தேன்.

அலுவலகத்துச் சர்வரில் இரண்டு வரிகள் இருந்தன. எட்டு மணி ஐந்து நிமிடம் பதினேழு நொடி. பத்து மணி ஐந்து நிமிடம் பதினேழு நொடி. மனிதர் யாரும் அப்படி வரமாட்டார்கள். நாய்கூட வராது. எங்கள் ஃபைலைத் திறந்தேன். அதில் ஒரே வரிதான், எட்டு ஐந்து பதினேழு. பத்து ஐந்து என்ற ஒன்று எங்களிடம் நடக்கவே இல்லை.

வியாழக்கிழமை என்றதும் எனக்குப் பட்டாணி சூப் ஞாபகம் வந்தது. சூப் ஞாபகம் வந்ததும் அன்று காலை நான் கைவைத்த புரோகிராமைத் திறந்தேன்.

மீதியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சேர்த்த நான்காவது இடம் என் மேசையோடு நிற்கவில்லை. அங்கே வந்த வரிகளையெல்லாம் அது அலுவலகத்துச் சர்வருக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறது. அப்படி அனுப்பும்படி அதை யார் அமைத்தது என்று பார்த்தேன். போன அக்டோபரில், நான். எதற்கோ ஒரு பரிசோதனைக்கு. அதையும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு வீட்டுக் கதவை ஒருவர் ஒருமுறை தட்டியதை இரண்டு அறைகளில் இருந்தவர்கள் கேட்டு, இரண்டு பேர் வந்தார்கள் என்று சொன்ன கதைதான். இரண்டு மணி நேர வித்தியாசம் வந்ததற்கும் காரணம் இருந்தது. என் புதிய பாதை எங்கள் ஊர் நேரத்தை எழுதியது, ஆனால் எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை. அலுவலகத்துக் கணினி அதை லண்டன் நேரம் என்று எடுத்துக்கொண்டு, எங்கள் குளிர்கால நேரத்துக்கு மாற்றுகிறேன் என்று இரண்டு மணியைக் கூட்டிவிட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் ஊரில் பதினோரு அலமாரிகள் திறந்தன. பதினொன்றும் இரட்டையாகப் பதிவாகியிருந்தன. பத்தை யாரும் பார்க்கவில்லை. ஔலி பார்த்தது ஒரு நாள், ஒரு அலமாரி.

சிர்க்குவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் விதி இதற்காகத்தானே இருக்கிறது. அவள் முகம் சுளிக்கவில்லை. அன்று மத்தியானமே கூட்டம் போட்டோம். காபி வந்தது, ரொட்டி வந்தது, வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். எல்லோரும் நல்ல கேள்விகளாகக் கேட்டார்கள். அறிக்கை இரண்டு பக்கம். 'பரிசோதனைக்காகக் கூடுதலாக ஓர் இடம் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டது. அதன் விளைவாகச் சில வரிகள் இருமுறை பதிவாகியிருக்கக்கூடும்.' சிர்க்கு அதை ஔலிக்கு அனுப்பினாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஔலி சிர்க்குவை அழைத்தாள். சிர்க்கு என்னையும் உள்ளே கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டாள். ஔலி சண்டைக்காரி இல்லை, சோர்ந்துபோன குரல். மாட்டிக்கொள்கிற எல்லோரும் மெஷின் தப்பு என்றுதான் சொல்கிறார்கள், இப்போது மெஷின்காரர்களே அதைச் சொல்கிறீர்கள், நல்லது என்றாள். ஆனால் தன் மேசையில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்றில் ஓர் ஆள் பெயர் போட்டு, வரி சரி என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றில் யாரோ எதையோ செய்ததால் ஏதோ சில வரிகள் இரட்டையாக இருக்கக்கூடும் என்றிருக்கிறது. எந்த வரி, எந்த நாள், யார் பார்த்தது? பணியாளர் பிரிவு பெயர் போட்ட காகிதத்தைத்தான் எடுக்கும். செய்தவரைத் திங்கட்கிழமை வந்து சொல்லச் சொல்லுங்கள் என்றாள். சிர்க்கு எங்கள் விதியைப் பொறுமையாக விளக்கினாள். நாங்கள் பெயர் கொடுப்பதில்லை, எந்தச் சந்தர்ப்பத்திலும் கொடுப்பதில்லை.

"உங்க பேப்பர்ல யார் பேரும் இல்ல" என்றாள் ஔலி. "என் பேப்பர்ல ஒரே ஒரு பேரு இருக்கு. மெர்வி. நான் எதை வச்சு முடிவு பண்றது, நீங்களே சொல்லுங்க."

போன் முடிந்த பிறகு சிர்க்கு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஏரி மேல் யாரோ ஐஸில் துளை போட்டு மீனுக்குக் காத்திருந்தார்கள். விசாரணைக்கு நான் போகிறேன் என்றேன். அவள் சொன்னதை முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். நீ இன்றைக்குப் போய் நின்றால், நாளைக்கு வேறு யாராவது தப்புச் செய்துவிட்டு வாயைத் திறப்பார்களா, இல்போவையே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றுதானே நினைப்பார்கள் என்றாள். அறிக்கையை இன்னும் தெளிவாக எழுதலாம், நாள் நேரம் எல்லாம் போடலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

"இந்த விதியக் கொண்டாந்தவனே நீதான்" என்றாள். "நான் அப்ப எவ்வளவு சண்ட போட்டேன்."

"ஆமா. நம்மளக் காப்பாத்தக் கொண்டாந்தேன். நம்மள நல்லாத்தான் காப்பாத்துது. அந்தப் பொம்பள நம்ம ஆளு இல்லியே."

"பெரிய மனுஷன் ஆயிட்ட."

"இல்ல சிர்க்கு. வரி சரின்னு பேரப் போட்டு எழுதும்போது யாரையும் கேக்கல. தப்புன்னு எழுதும்போது மட்டும் பேரு இல்லாம எழுதறேன். அசிங்கமா இருக்கு."

அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தாள்.

"திங்கக்கிழம லீவு போட்டுக்கோ" என்றாள். "லீவுல நீ எங்க போறேன்னு கம்பெனி கேக்காது."

திங்கட்கிழமை போனேன். அலுவலகத்தின் ஒரு சின்ன அறை, நடுவில் வெள்ளை மேசை, தெர்மாஸில் காபி. மெர்வியை அப்போதுதான் முதலில் பார்த்தேன். நாற்பத்தெட்டு இருக்கும், சின்ன உடம்பு, கம்பளிச் சட்டையின் மார்பில் நர்ஸுகள் குத்திக்கொள்ளும் தலைகீழ்க் கடிகாரம். வேலை இல்லாத நாளிலும் அதைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் நர்ஸுகள் சங்கத்துக்காரர் ஒருவர். எதிரில் ஔலியும் பணியாளர் பிரிவிலிருந்து ஒருவரும். நான் என் பெயரைச் சொன்னதும் மெர்வி தலையைத் தூக்கிப் பார்த்தாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள் என்று தெரிந்தது.

கொண்டுபோன காகிதங்களை மேசையில் வைத்தேன். எங்கள் ஃபைலில் இருக்கும் ஒரு வரி, அவர்கள் சர்வரில் இருக்கும் இரண்டு வரிகள், நொடியோடு. இரட்டையான மற்ற பத்து அலமாரிகளின் வரிகள், பெயர்களை மறைத்து, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் தள்ளி, ஒவ்வொன்றிலும் அதே நொடி. நான்காவது இடத்தைச் சேர்த்தவன் நான். அதை எழுதி வைக்காதவனும் நான். வரி சரி என்று கேட்காமல் கொள்ளாமல் எழுதிக் கொடுத்தவனும் நான். அதைச் சொல்ல நான்கு நிமிடம்தான் ஆனது. சொல்லிவிட்டால் இடி விழும் என்று நினைத்திருந்தேன், தெர்மாஸ் மூடியை யாரோ திருகினார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கே ஏன் எழுதி வைக்கவில்லை என்று ஔலி கேட்டாள். சூப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். அதுதான் உண்மை. யாரும் சிரிக்கவில்லை. ஔலி இரண்டு காகிதங்களையும் ஒட்டி வைத்து, ஒரு பதினேழில் ஒரு விரலும் மற்றப் பதினேழில் ஒரு விரலுமாக வெகுநேரம் பார்த்தாள். அப்படியானால் ஆறு மாத்திரை எங்கே என்று பணியாளர் பிரிவுக்காரர் கேட்டார். புதன்கிழமை எண்ணியது யார், எண்ணித்தான் எழுதினாரா என்று அதன் பிறகுதான் அவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். எண்ணாமலே முந்தின நாள் கணக்கைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். இன்றுவரை தெரியாது. எண்ணும் கைக்கு லாக் கிடையாது.

குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக ஒரு பத்தி எழுதி மெர்வியின் கோப்பில் வைத்தார்கள். புதன்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்றார்கள். வெளியே தாழ்வாரத்தில் அவள் பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"போன்ல பேசினது நீங்கதான்."

"ஆமா."

"அப்பவே பேரச் சொல்லியிருக்கலாம்."

"பயந்துட்டேன்."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்க வரி ஒண்ணு எத்தன எடத்துக்குப் போவும்?"

"மூணு. அன்னைக்கு நாலு."

"நான் எடுத்தேன்னு எழுதின வரி அதுக்கும் மேல போயிருக்கு. இப்ப எழுதினாங்களே, அது ஒரே ஒரு ஃபைலுக்குத்தான் போவுது."

எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். சங்கத்தின் அலுவலகம். நர்ஸுகள் போனில் வைத்திருக்கும் குழு, அதில் அவளைத் தவிர முப்பத்துநாலு பேர். துர்க்கு நகரத்தில் இருக்கும் தௌனோவின் மகள். மகளிடமிருந்து, போன் வழியாக, தௌனோ. அந்தப் பெண்ணை அலமாரிப் பக்கம் விடாதீர்கள் அப்பா என்று மகள் ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது, அவளுக்கு வந்த செய்தி அப்படி.

ஒவ்வொரு இடத்துக்கும் என் முழுப் பெயரைப் போட்டு எழுதினேன். குழுவில் என் கடிதத்தை மெர்வி போட்டாள். நான்கு பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள், மற்ற முப்பது பேர் பார்த்ததாகக் காட்டியது. மகளிடம் போனில் பேசினேன். நான் முடிக்கும்வரை கேட்டாள், நன்றி சொன்னாள், அப்பாவிடம் சொல்கிறேன் என்றாள். சொல்லியும் இருக்கிறாள். எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்று பட்டியலில் கோடு போட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன்.

ஏப்ரலில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தபோது மெர்வி உதவி போனுக்கு அழைத்து என்னைக் கேட்டாள். என் முறை இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் எட்டு மணிக்குத் தௌனோவின் வீட்டுக்கு வரமுடியுமா என்றாள். அந்தக் காகிதங்களையும் கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை போனேன்.

தௌனோ ரயில் எஞ்சின் ஓட்டியவர். உயரமான ஆள், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். சமையலறை மேசையில் என்னை உட்காரவைத்து, யார் எவர் என்று மரியாதையாக விசாரித்தார். சொன்னேன். மெர்வி மாத்திரை எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தார். பணியாளர் பிரிவுக்குக் கால் மணி நேரம் ஆனது, இவருக்கு அரை நிமிடம்.

"பதினேழு, பதினேழு" என்றார். "எந்த வண்டியும் ரெண்டு தடவ ஒரே செகண்டுல ஸ்டேஷனுக்கு வராதுப்பா. இது மணி பாத்தவன் தப்பு."

"ஆமாங்க. அது நான்தான்."

அவர் எழுந்து நின்று மெர்வியிடம் கையை நீட்டினார். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் அம்மா என்றார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை வெளியில் காட்டாமல் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். இதற்குத்தான் வரச்சொன்னாள் என்று நினைத்தேன். பெரியவர் செய்தித்தாளை எடுத்துவர உள்ளே போனார்.

திரும்பி வரும்போது மெர்வி போனைப் பூட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பூட்டு கிளிக்கென்றது. அவர் செய்தித்தாளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து, அலமாரிக் கதவின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"நீதானே எடுத்தவ" என்றார். "எம் பொண்ணு சொல்லியிருக்கா."

"இல்லீங்கய்யா" என்றாள் மெர்வி. "நான் எடுக்கல."

அவள் நகரவும் இல்லை, கையைத் தள்ளவும் இல்லை. இந்த நிற்பு அவளுக்குப் பழக்கம் என்று பார்த்ததும் தெரிந்தது. மகள் சொன்னது அவருக்குள் எங்கோ பதிந்துவிட்டது. மகளே மாற்றிச் சொன்னது பதியவில்லை, நான் சற்று முன் சொன்னதும் பதியவில்லை. பதினேழு என்று விரல் வைத்துக் காட்டிய மனிதரின் கண்ணில் நான் யார் என்ற கேள்விகூட இல்லை.

"தெனம் இப்பிடியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெனம். வேற எடத்துக்கு மாத்தறேன்னு ஔலி சொன்னா. நான்தான் வேணாம்னேன். மாத்திக்கிட்டுப் போனா எடுத்தவளாவே போவேன்."

மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்து மறுபடி விரித்தேன். ஐயா, ஒரு நிமிஷம் இதைப் பாருங்கள் என்று அவர் பக்கம் நீட்டினேன். கதவிலிருந்து கையை எடுக்காமலே அவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கும் வரட்டுமா?" என்று மெர்வியைக் கேட்டேன்.

அவள் மார்பிலிருந்த கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"எட்டு அஞ்சு" என்றாள். "லேட் பண்ணாதீங்க."

மறுநாள் எட்டு மணிக்கே போய்ப் படியில் நின்றேன். தௌனோ கதவைத் திறந்து, யார் எவர் என்று மரியாதையாக விசாரித்தார். காகிதத்தை முதல் தடவை பார்ப்பவராக வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் தேடினார்.